கித்தேரியின் விலாவில் துளிர்த்த மரம்

கித்தேரியின் வலது விலாவுக்குக் கீழே, ரவிக்கை விளிம்புக்கும் கொசுவத்துக்கும் நடுவில் கடவுள் எல்லாப் பெண்களுக்கும் காற்றாட விட்டுவைத்திருக்கிற அந்த ஒரு சாண் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பச்சை நிறத்தில் ஒரு மரம் தெரிய ஆரம்பித்தது. தெரிந்தபோது அவள் விளமீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள், தெரிந்த பிறகும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தாள், ஏனென்றால் வெயிலில் மீன் காத்திருக்காது.

கித்தேரி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி சந்தியாகுவுக்கு மணப்பாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். வந்த நாளிலிருந்து ‘ம்’ என்பதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டது குறைவு. எங்கள் தூத்துக்குடித் தெருவில் பேசாத பெண்ணை ஒன்று ஊமை என்பார்கள், இல்லையென்றால் ராங்கிக்காரி என்பார்கள்; கித்தேரியை இரண்டும் சொல்லாமல் மறந்தே போனார்கள். தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடி வாரத்துக்கு ஒரு வீட்டில் செபம் சொல்கிற அன்பியக் கூட்டத்தில், காப்பி கொடுக்கும்போதுகூட அவளைத் தாண்டித்தான் தட்டு போகும். அவளும் கேட்க மாட்டாள். கேட்காதவளுக்கு யார் கொடுப்பார்கள்?

சட்டி இரவல் வாங்கப் போன நான்தான் முதலில் பார்த்தேன்.

“என்னட்டி இது, மருதாணியா?”

“தெரியலக்கா. காலையில குளிக்கும்போது இல்ல.”

“தேய்ச்சுப் பாத்தியா?”

“மீன் கையிக்கா.”

என் முந்தானையை நனைத்து நானே தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. தோலுக்கு மேலே இல்லை அது, தோலுக்கு உள்ளே, கண்ணாடிக் குடத்துக்குள் பாசி தெரிகிற மாதிரி தெரிந்தது. மேலே இடதும் வலதுமாக இரண்டு கிளை. இரண்டும் சேர்ந்து ஒரு தண்டு. தண்டிலிருந்து பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போன ஒரு காம்பு. காம்பின் முனையில் பேரிக்காய் போல ஒரு பழம். அதற்குக் கீழே தண்டு தனியாக இறங்கி, தொப்புள் பக்கமாகச் சற்று வளைந்து, எதற்கோ பின்னால் ஒளிகிற மாதிரி மங்கிப் போயிற்று.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் இம்மாகுலேட் பச்சைச் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து, பாகங்களைக் குறிக்காதவள் மதியச் சாப்பாட்டுக்குப் போகக் கூடாது என்று கதவில் நின்ற அதே படம். மேலே இரண்டும் கல்லீரலிலிருந்து வருகிற நாளங்கள். பழம் என்பது பித்தப்பை. கீழே இறங்குவது பொதுப் பித்தநாளம். அது முன்சிறுகுடலுக்குப் பின்னால் போய், கணையத்தின் தலைக்குள் நுழைந்து, கணைய நாளத்தோடு சேர்ந்து, குடலுக்குள் ஒரு சின்ன வாயாகத் திறக்கும். அன்றைக்குப் பசி, அதனால் மறக்கவில்லை.

“இது மரமில்லட்டி. உன் பித்தக் குழாய். உள்ளே இருக்க வேண்டியது வெளியில தெரியுது.”

“அப்படியாக்கா,” என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க வந்து பார்த்தாயிற்று. யாரும் மயங்கி விழவில்லை. இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் ஒரே நாளில் கரித்துப் போவதைப் பார்த்திருக்கிறார்கள், கடல் ஒரு பர்லாங் உள்ளே போய்த் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி இடுப்பில் மரம் தெரிவதற்கா மூச்சடைக்கப் போகிறது? ஆனால் பெயர் வைக்காமல் விட மாட்டார்கள். அன்பியத் தலைவி ரொசாரி மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, எழுந்து, சிலுவை போட்டு, இது கெத்சமனித் தோட்டத்து ஒலிவ மரம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“மாமி, இது பித்தப்பை. ஒலிவ மரத்துல இவ்வளவு பெரிய பழமா காய்க்கும்?”

“ஏ பெனித்தா, நீ கான்வென்ட்டுல படிச்சவதான், தெரியும். கர்த்தர் நினைச்சா பழம் பெருசாகாதா?”

பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் தூரத்தில் நின்றே பார்த்து, “நல்ல பச்சை,” என்றார். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நைட்டி போட்டால் மரம் தெரியாது என்பதால், வீட்டில் எந்நேரமும் நைட்டியோடு திரிந்த கித்தேரியைப் புடவைக்கு மாற்றினார்கள். ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதால் அவள் வாசலில் ஒரு துணிமறைப்பு கட்டினார்கள். அவ்வளவுதான், மரம் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது.

முதலில் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தினார்கள். எண்ணெய்ப் பண்டம் எதையாவது கித்தேரி தின்றால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பழம் சுருங்கும், காம்பு வழியாகப் பச்சை இறங்கித் தண்டில் ஓடும், கீழே மறையும். தோசைக்கு ஒரு மாதிரி ஓட்டம், பணியாரத்துக்கு ஒரு மாதிரி ஓட்டம், ஆட்டுக்கறிக்கு வெள்ளம். கல்யாண வீட்டுச் சமையல்காரர் பிரியாணிப் பதம் பார்க்க ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பி, பழம் எவ்வளவு பிழிந்தது என்று கேட்டனுப்பினார். எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. அவளுக்கும் நல்லதைத் தின்னக் கிடைத்தது.

வருத்தம் அதற்குப் பிறகு வந்தது. ரொசாரி மாமிதான் ஆரம்பித்தாள். ஒரு நாள் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு, கோபம் அடங்காமல் கித்தேரி முன்னால் உட்கார்ந்து, மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து புளிக்குழம்பு வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். கொட்டக் கொட்ட, கித்தேரியின் விலாவில் அந்தப் பழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, இலைப்பச்சையாக இருந்தது பாசிப்பச்சையாகி, மாமி பேசி முடித்தபோது ஏறக்குறைய கறுப்பாக நின்றது. மாமி எழுந்தாள். நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் மருமகளுக்குத் தலை வாரிவிட்டாள்.

அதைக் கேட்ட பிறகு எந்தத் தெரு சும்மா இருக்கும்? ஓரகத்தியோடு பேச்சு நின்று போனவள் வந்தாள், புருஷன் குடிக்கிறவள் வந்தாள், சொத்து பிரித்ததில் சுவர் தன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறவள் வந்தாள், மகள் போன் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று ஒருத்தி, மகள் எந்நேரமும் போன் பண்ணுகிறாள் என்று ஒருத்தி. ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து தன் கசப்பைச் சொன்னாள், கித்தேரி ‘ம்’ கொட்டினாள், பழம் வாங்கிக்கொண்டது, வந்தவள் பஞ்சாகப் போனாள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிற சந்தியாகுவும் வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றாமல் முன்னால் உட்கார்ந்து, சூப்பர்வைசரைத் திட்டத் தொடங்கினான். தெருவில் சத்தம் நின்றது. தண்ணீர் லாரி வந்தால் குடங்கள் வரிசையில் அமைதியாக நின்றன. லாரிக்காரனே பயந்து போய், இந்தத் தெருவில் யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டான்.

நான் போய் அவளிடம் சொன்னேன், சுற்றி வளைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

“கித்தேரி, ஈரல் சுரக்கிற பித்தத்தைப் பை வாங்கி வச்சுக்கிடும். வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காது, தண்ணியை உறிஞ்சிட்டுக் கெட்டியாக்கும். ரொம்பக் கெட்டியானா கல்லாப் போகும். இவளுவ கொட்டுறதையெல்லாம் நீ எங்க கொண்டுபோய் வைப்பே?”

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். எனக்கு அடுப்பில் பால் இருந்தது.

“அக்கா, இத்தனை வருசத்துல இந்த நாற்காலியில எதுக்க யாரும் உக்காந்ததில்ல. இப்பம் உக்காருதாவ.”

“உன்னைப் பாக்கவா உக்காருதாளுவ?”

“எதைப் பாத்தா என்னக்கா. வாராவல்ல.”

பால் பொங்கிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் பழத்துக்குள் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் கடுகு, பிறகு மிளகு, பிறகு சுண்டைக்காய். பெண்கள் கைகொட்டினார்கள். பழத்தில் விதை பிடித்துவிட்டதாம். விதை விழுந்தால் தெருவில் எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு மரம் முளைக்கும் என்று ரொசாரி மாமி சொல்ல, யார் வீட்டில் முதலில் முளைக்கும் என்று பேச்சு ஓடிற்று. நான் ஒருத்திதான் அவை கல் என்றேன். பிரியாணி தின்ற நாட்களில் கித்தேரி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பாள், வலி முதுகுக்கு ஏறித் தோள்பட்டை வரைக்கும் போகும், நெற்றி வேர்த்துக் கொட்டும். “வேரு விடுது,” என்றார்கள் பெண்கள்.

“மாமி, நீங்க மீன் அரியும்போது முதல்ல எதை எடுப்பிய? அந்தப் பச்சைப் பையைத்தான, உடையாம? உடைஞ்சா என்ன ஆகும்? மொத்த மீனும் கசந்து நாய் திங்காது. அதுதான் இவ வயித்துல ரொம்பி நிக்குது.”

“மீனும் மனுசியும் ஒண்ணாட்டி?” என்றாள் மாமி. “உனக்கு நாக்குலயே பித்தப்பை.”

சிரித்தார்கள். கித்தேரியும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விதைகளில் ஒன்று விழுந்தது. பெரியது இல்லை, நடுத்தரமானது. முறுக்குக் காம்பில் அது ஒவ்வொரு மடிப்பாக மாட்டி மாட்டி இறங்கியதை வந்திருந்தவர்கள் எல்லோரும் செபம் சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். தண்டுக்குள் வந்து விழுந்ததும் சரசரவென்று இறங்கி, தண்டு மங்குகிற கடைசி இடத்தில், குடலுக்குள் திறக்கிற அந்தச் சின்ன வாய்க்குச் சற்று மேலே, போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே இருந்துவிட்டது. அதற்குக் கீழே பச்சை போகவில்லை.

கித்தேரியின் கண்கள் மஞ்சளாயின. பிறகு முகம், பிறகு உள்ளங்கை. பெண்கள் அவளைச் சுற்றி நின்று, மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி என்ன களை என்றார்கள். பிறகு எவளோ ஒருத்திக்குப் புத்தி வந்து, இது காமாலை என்றாள். காமாலை என்றால் எங்கள் ஊரில் டாக்டரிடம் போகிற வழக்கமில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். பத்தியம் வைத்தார்கள். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, மீன் வாடைகூடக் கூடாது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு உப்பளம் விரிந்து கிடக்கிற ஊரில் அவள் உப்பில்லாக் கஞ்சி குடித்தாள்.

அதில்தான் மொத்தத் தெருவும் ஏமாந்தது. எண்ணெய் உள்ளே போகாததால் பை பிழியவில்லை, பை பிழியாததால் வலி வரவில்லை. “பாத்தியா, மருந்து கேக்குது,” என்றார்கள். வேறு காமாலைக்குக் கேட்கலாம். இது ஈரல் சோர்ந்து வந்த காமாலை இல்லை, வாசல் அடைத்து வந்த காமாலை. வாசலில் பாறாங்கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் விளக்குமாறு போட்டால் குப்பை எப்படி வெளியே போகும்? வலி நின்றதுதான், மஞ்சள் நிற்கவில்லை. அவள் மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று, மலம் சுண்ணாம்பாக வெளுத்தது. இதையெல்லாம் எழுதலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் வீட்டில் யாரும் படுத்த படுக்கையாகக் கிடந்ததில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும்விட அரிப்பு. குடலுக்குப் போக வேண்டியது இரத்தத்தில் ஏறித் தோலில் போய் ஊறினால் அரிக்கும். தேங்காய் துருவுகிற பல்லை எடுத்து அவள் காலைச் சொறிந்துகொண்டிருந்தாள், நான் பிடுங்கி எறிந்தேன்.

அப்புறம் மரம் துளிர்த்தது.

கீழே போக வழியில்லாத பச்சை மேலேதானே ஏறும்? தண்டு பருத்தது. இரண்டு கிளைகளும் கைவிரல் தடிமனுக்கு வந்தன. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சின்னச் சின்ன நாளங்களெல்லாம் ஈரலுக்குள் வீங்கி, கிளையிலிருந்து கொப்பு, கொப்பிலிருந்து கொழுந்து என்று அவள் விலா எலும்புகளின் மேலெல்லாம் விரிந்து, இடது பக்கத்துக்கும் தாவி, மார்புக் குழி வரை படர்ந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தெருவே கொண்டாடியது. சரவெடி வாங்கினார்கள். அன்றைக்கு அன்பியக் கூட்டம் கித்தேரி வீட்டில், சர்க்கரைப் பொங்கலோடு.

நான் போனபோது செபமாலை பாதி முடிந்திருந்தது. கித்தேரி நடுவில் நாற்காலியில் இருந்தாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மத்தியான வெயிலில், ஓடு கொதிக்கிற நேரத்தில், அவள் குளிரில் நடுங்கினாள். நாற்காலியின் கால்கள் தரையில் கடகடவென்று ஆடின, அந்தத் தாளத்துக்கே ‘அருள் நிறைந்த மரியே’ போய்க்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சட்டி மாதிரி சுட்டது.

“ஏ, இவளுக்குக் குளிர்காய்ச்சல். அடைச்ச குழாய்க்குள்ள சீழ் வைக்குது. ஆட்டோ கூப்பிடுங்க.”

“அருள் இறங்கும்போது நடுக்கம் வரும் பெனித்தா,” என்றாள் ரொசாரி மாமி. ஆனாலும் இரக்கமில்லாதவள் இல்லை, எழுந்து போய் ஒரு கம்பளிப் போர்வை கொண்டுவந்தாள். கித்தேரியின் கழுத்திலிருந்து கால் வரைக்கும் போர்த்தினாள். போர்த்திவிட்டு, வலது பக்கத்தை மட்டும் விலக்கி மடித்து, ஊக்கு குத்தினாள், மரம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அடுத்த முறைக்குக் காத்திருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “என் நாத்தனா செஞ்ச காரியத்தைக் கேளு,” என்று ஆரம்பித்தாள்.

கித்தேரி கீழே குனிந்து அந்த ஊக்கைப் பார்த்தாள். நடுங்குகிற விரல்களால் அதைக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை, மறுபடி பார்த்தாள், கழன்றது. போர்வையை இழுத்து மரத்தை மூடினாள்.

“போதும்,” என்றாள்.

எதிரே இருந்தவளுக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. அவள் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பினேன்.

வாசலில் ரொசாரி மாமி கையை விரித்து நின்றாள். “கத்தி வச்சா பட்டுப் போகும்ட்டி. பிறகு நாங்கள்லாம் எங்க போவோம்?” என்றாள், அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அவள் கைக்குக் கீழே கித்தேரியைக் குனிய வைத்துக் கூட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபத்ரா போர்வையை விலக்கிப் பார்த்தாள். விரலால் மரத்தின் மேல் கோடு போட்டுக்கொண்டே கீழே வந்து, கல் இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

“எல்லாரும் இப்படி வெளியிலயே காட்டினா எனக்கு எவ்வளவு வேலை மிச்சம். சரி, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க.”

“அதான் கண்ணு முன்னால தெரியுதே டாக்டர்.”

“தெரியுது. ஆனா கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. இன்னொண்ணு, இந்தக் காம்பைப் பாருங்க. மேலேயே தண்டோட சேராம பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்து ரொம்பக் கீழ சேருது. புத்தகத்துல இருக்கிற மாதிரி யாருக்கும் அச்சு அசலா இருக்கிறதில்ல. பையை எடுக்கும்போது காம்பைத்தான் கட்டணும். இதுதான் காம்புன்னு நினைச்சு தண்டைக் கட்டிட்டோம்னா, அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னா?”

அவள் கையுறையைக் கழற்றினாள். “முதல்ல வாய் வழியா குழாய் விட்டுக் கல்லை எடுத்து, அடைப்பைத் திறப்போம். அது இன்னைக்கே. காய்ச்சல் இறங்கினதும் பையை எடுப்போம். கல்லை இன்னைக்கு எடுக்கலைன்னா நாளைக்கு என்கிட்ட கொண்டுவராதீங்க.”

கையெழுத்துப் போட சந்தியாகுவைத் தேடினால், அவன் வராந்தாவில் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான்.

“மயினி, கல்லை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. பை இருக்கட்டும்.”

“என்னத்துக்கு?”

“இல்ல, சாயந்திரம் வந்தா... ஒரு நாள் பொழுதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?”

“கடல்கிட்டப் போய்ச் சொல்லு. அவ்வளவு பெருசா அது வேற எதுக்குக் கிடக்கு?”

அவன் அழுதான். ஆண்பிள்ளை அழுதால் அவசர வேலை நிற்குமா? நான் பேனாவைப் பிடுங்கினேன், அதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டது.

“என் வயிறு. நான் போடுதேன்.”

கோணல்மாணலாகப் போட்டாள். ‘கி’க்கு மேல் சுழி விழவில்லை. நர்ஸ் பரவாயில்லை என்றாள்.

கல்லை அன்றைக்கே எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் பையை எடுக்க அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க ரொசாரி மாமி எனக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். முதல் போனில் அழுதாள். அடுத்த போனில், தண்ணீர் லாரியில் குடத்தால் ஒருத்தி மண்டையை ஒருத்தி உடைத்துவிட்டதாகச் சொன்னாள். அதற்கடுத்த போனில் பின்னால் அவள் மருமகள் கத்துவது எனக்கே கேட்டது. “எல்லாம் உன்னாலதான்,” என்று சொல்லி வைத்தாள். நான் வராந்தாவில் நடந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால், காம்பு எது தண்டு எது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். செபம் சொல்லப் பார்த்தேன்; கடகடக்கிற நாற்காலிச் சத்தம்தான் காதில் வந்தது.

பிழைத்துக்கொண்டாள்.

கண் வெளுக்க நாளாயிற்று. மரம் போகவில்லை, கொழுந்தெல்லாம் உதிர்ந்து, பழைய இரண்டு கிளையும் தண்டுமாக இளைத்து நின்றது, பழம் இருந்த இடம் மொட்டையாக. டாக்டர் சுபத்ரா அவள் தலைமாட்டில் நின்று, பை இல்லாவிட்டாலும் ஈரல் சுரப்பதைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், சேர்த்துவைக்க இடமில்லாததால் அப்போதைக்கப்போது இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். டாக்டருக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்த ரொசாரி மாமி, பழத்தை வைத்துவிட்டுப் பெருமூச்சுவிட்டு, “என் மருமவ...” என்று ஆரம்பித்தாள். கித்தேரியின் தண்டில் பச்சை ஒரு கோடாக இறங்கியது. எங்கேயும் நிற்கவில்லை.

“மாமி, உங்க மருமவ என்ன செஞ்சா? குழம்புல புளி கூட்டினா. அதுக்கா என் வயித்துல ஓட்டை போட்டாவ?”

மாமி வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் குரலை நாங்கள் யாரும் முன்பு கேட்டதில்லை. பெரிய குரல் இல்லை, ஆனால் சுத்தமான குரல்.

ஆஸ்பத்திரியில் எடுத்த கல்லையெல்லாம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று. கித்தேரி வீடு திரும்பிய வாரம் அன்பியக் கூட்டம் அவள் வீட்டிலேயே கூடியது. மண்டையில் கட்டுப் போட்டவளும் வந்தாள், உடைத்தவளும் வந்தாள், எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். செபம் முடிந்ததும் ரொசாரி மாமி தொண்டையைச் செருமினாள். தெருமுனையில் சிலுவை நிற்கிற குருசடியில் ஒரு கண்ணாடிக் கூடு செய்து, கல் குப்பியை அதில் வைத்து, வெள்ளிதோறும் மெழுகுதிரி கொளுத்துவதாக எல்லோரும் முடிவு செய்திருக்கிறார்கள். குப்பியைத் தர வேண்டும்.

“அது ஊருக்குச் சொந்தமானது மக்கா,” என்றாள்.

“ஊருக்குத்தான் சொந்தம்,” என்றாள் கித்தேரி.

எழுந்து போய் ஒரு பீங்கான் தட்டு எடுத்துவந்தாள். குப்பியைத் திறந்து கவிழ்த்தாள். கறுப்பும் பச்சையும் பழுப்புமாகக் கற்கள் தட்டில் உருண்டு நின்றன, ஒன்று மட்டும் நாட்டு நெல்லிக்காய் அளவுக்குப் பெரிதாக, நடுவில்.

“அவங்கவங்களோடதை எடுத்துக்கிட்டுப் போங்க.”

ஒருத்தியும் அசையவில்லை. எடுத்தால் தன்னுடையது என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கித்தேரி தட்டைப் பிடித்தபடியே நின்றாள், வயிற்றில் தையலோடு. கடைசியில் ரொசாரி மாமி கையை நீட்டி, இருப்பதிலேயே சின்னதாக, கடுகுபோல ஒன்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

“அது உங்களோடதா?” என்றாள் மண்டைக் கட்டுக்காரி. “அவ்வளவூண்டுதானா? தெனமும் வந்து கொட்டினியளே!”

“நீ மட்டும் கொஞ்சமாவா கொட்டினே?”

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தட்டில் கையை விட்டு, சின்னதாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி தன்னுடையது என்று பிடுங்கினாள். சந்தியாகு கதவோரமாக வந்து ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நழுவினான். பெரியது யாருடையது என்று வந்தபோது வீடு இரண்டாகிவிட்டது. உன்னுடையது, உன் ஆத்தாளுடையது, உன் புருஷனுடையது என்று விரல் சுற்றிச் சுற்றி வந்தது, என் பக்கமும் ஒரு தடவை வந்து போயிற்று. அத்தனை கூச்சலுக்கும் நடுவில் கித்தேரி தட்டை வாசல்படியில் வைத்துவிட்டு, அடுக்களைக்குள் போய், வாணலியில் எண்ணெயை ஊற்றி மீனைப் போட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மீன் பொரிகிற சத்தம் கேட்டது.

இன்றைக்கும் தெருவில் சண்டை ஓயவில்லை. கித்தேரி வீட்டுத் துணிமறைப்பை எடுத்தாயிற்று. அவள் நைட்டியோடு வாசலில் உட்கார்ந்து மீன் அரிகிறாள். எதிர் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அந்தப் பெரிய கல் வாசல்படித் தட்டில் அப்படியே இருக்கிறது. அவள் அதை எடுத்துப் போடவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. உள்ளே போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் தெருவில் யாரும் போவதில்லை.

நான் போகிறேன், தினமும். புறவாசல் வழியாக. எனக்கு அந்த வழிதான் கிட்ட.